வீட்டிலேயே செய்யலாம் பழக் கேக்!

டிசம்பர் பிறந்துவிட்டால் ரொட்டிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பழக் கேக்குகள் அணிவகுத்து நிற்கின்றன. கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடுகள் மட்டுமல்ல, மற்ற வீடுகளும் அவற்றை ஆவலோடு வாங்குகின்றன. ஆனால், பழக் கேக்கில் பழம் எவ்வளவு? சிவப்பும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும் துண்டுகள் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறி, சாயம் ஏறிய பப்பாளிக்காய்தான்!

கடைக் கேக் எல்லாமே கெட்டது என்று சொல்வதற்கில்லை. நல்ல வெண்ணெயும் நல்ல பழமும் இட்டுச் செய்கிறவர்களும் உண்டு. எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்த உணவுப் பண்டங்களில், மொத்தக் கொழுப்பில் 2 சதவிகிதத்துக்கு மேல் டிரான்ஸ் கொழுப்பு இருக்கலாகாது என்ற விதியும் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும், குழந்தையின் வாய்க்குள் போவது இன்னது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வீட்டுச் சமையலறையைவிடச் சிறந்த இடம் ஏது?

‘கேக் நமக்குக் கைவராத சீமைப் பண்டம்’ என்று தயங்க வேண்டியதில்லை. 1883-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த தலைச்சேரியில் பிஸ்கட் கடை வைத்திருந்த மாம்பள்ளி பாப்புவிடம், அஞ்சரக்கண்டி லவங்கப்பட்டைத் தோட்டத்தின் மர்டாக் பிரவுன் துரை சீமைக் கேக் ஒன்றைக் கொடுத்து, அதுபோலச் செய்யச் சொன்னாராம். பிரெஞ்சுப் பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப் பழமும் கதலிப் பழமும் கொண்டு வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துப் பாப்பு கேக் செய்தார் என்பது அவ்வூர் வரலாறு. கைக்கு எட்டிய பொருளே போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மது இல்லாமலும் செய்யலாம். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, அத்தி மூன்றும் சேர்த்து 300 கிராம் எடுத்துப் பொடியாக நறுக்கி, இரண்டு ஆரஞ்சுப் பழங்களின் சாற்றில் இரவு முழுவதும் ஊற விடவேண்டும். மறுநாள் 150 கிராம் வெண்ணெயையும் அதே அளவு நாட்டுச் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, 3 முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடிக்கவேண்டும். 200 கிராம் கோதுமை மாவுடன் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்குப் பொடிகள் எல்லாமாக ஒன்றரைத் தேக்கரண்டி கலந்து சலித்துச் சேர்க்கவேண்டும். ஊறிய பழத்தையும் 50 கிராம் முந்திரிப் பருப்பையும் சிறிது மாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்காது.

வெண்ணெய் தடவிய 7 அங்குலத் தட்டில் இதை ஊற்றி, 160 டிகிரி சூட்டில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் சுடவேண்டும். அடுப்புப் பெட்டி இல்லாதவர்கள், கனத்த பழைய பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடிச் சூடேற்றி, அதற்குள் தட்டை வைத்து இளந்தீயில் வேகவிடலாம். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். ஆறிய பிறகே வெட்டவேண்டும்; சூட்டோடு வெட்டினால் உதிரும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். வீட்டில் செய்தது என்பதற்காக இது மருந்தாகிவிடாது. உலர்ந்த திராட்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரையே. கிடைக்கும் ஒரு கிலோ கேக்கை 20 துண்டுகளாக்கி, வேளைக்கு ஒன்றோடு நிறுத்துவது விவேகம். நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடவேண்டும். மது சேராததால் நெடுநாள் வைத்திருப்பதும் சரியல்ல. குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மாவு கலப்பது பெண்களுக்கு மட்டும் விதித்த வேலையுமல்ல. பழம் நறுக்கக் குழந்தைகளும், வெண்ணெய் குழைக்க ஆண்களும் உட்காரட்டும். வரும் பண்டிகைக்குச் சாயம் இல்லாத கேக் ஒன்று வீட்டிலிருந்து அண்டை வீட்டுக்குப் போகட்டும்!