லிவியாதானும் ஏரி மிருகங்களும்



ஒரகடத்தில் இரவுப்பணி செய்யும் நம் சபை வாலிபர் ஒருவர், ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரி மிருகம் என்று ஒரு காணொளியை அனுப்பி, "ஐயா, யோபு 41-இல் வரும் லிவியாதான் இதுதானே? இனி வேதத்தை யார் மறுப்பார்?" என்று கேட்டார். அவருடைய வைராக்கியத்தை மதிக்கிறேன்; அந்த வாதத்தை ஏற்கமாட்டேன்.

அவ்வேரியின் புகழ்பெற்ற 1934-ஆம் ஆண்டுப் படம், பொம்மை நீர்மூழ்கிக் கப்பலின்மேல் கழுத்தைப் பொருத்தி எடுத்த போலி. 2018-இல் எடுத்த ஏரிநீரின் மரபணு ஆய்வில் ஊர்வனவற்றின் தடயமே இல்லை; விலாங்கு மீனின் தடயமே மிகுதி.

நம் தேசத்திலும் இப்படி ஒன்று உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில், சதுப்பை வடித்து வயலாக்கியபோது 'புரு' என்னும் பெரும் மிருகம் அழிந்துபோயிற்று என்பது அபதானி மக்களின் முன்னோர் கூற்று. வேறொரு பள்ளத்தாக்கில் அது இன்னும் உயிரோடிருப்பதாகக் கேள்விப்பட்டு, 1948-இல் ரால்ப் இஸார்டும் சார்லஸ் ஸ்டோனரும் தேடிச்சென்று, ஒன்றையும் காணாமல் திரும்பினார்கள். அம்மக்களின் நினைவைப் பொய்யென்று நான் தள்ளவில்லை, ஒருவேளை முதலையாயிருந்திருக்கலாம்.

ஆனால் வேதத்துக்குப் போலிப் படத்தால் முட்டுக்கொடுப்பானேன்? படம் பொய்யென்று தெரியும் நாளில், அதை நம்பிய பிள்ளை வேதத்தையும் சேர்த்தல்லவா எறிந்துவிடும்? தேவன் யோபுவுக்கு மிருகத்தைப் பிடித்துக் காட்டவில்லை. உன்னால் அதைப் பிடிக்கமுடியுமா என்றே வினவினார்.

காணொளியை யாருக்கும் அனுப்பவேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். ஞாயிறு மாலை தண்டலத்தில் யோபு 38 முதல் 42 வரை சேர்ந்து வாசிப்போம், வேதாகமத்தோடு வாருங்கள்.