எடைக்குப் போடும் முன் எடுத்துப் பாருங்கள்

இந்தத் தடவை நான் கவிதை எழுதவில்லை. ஒரு கருத்து சொல்லப் போகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த சுவரிதழில் பதில் எழுதலாம்.

எங்க அப்பா பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். கோடை விடுமுறையில் குன்னூர் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தார்கள். அங்கிருந்து வந்த சாமான்களில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே 17 கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு சின்ன கார், கையில் பிடித்து அழுத்தும் விசை இரண்டு. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பள்ளம் ஓடுகிறது. பள்ளத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய உலோகப் பட்டை. அப்பா காந்தத்தை வைத்துப் பார்த்தார். டக்கென்று ஒட்டியது. "இரும்புதான் கண்ணு. பட்டையை உருவிட்டா இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி" என்று குறடை எடுத்துவிட்டார். ரெண்டும் சேர்ந்து ஐம்பது ரூபாய்கூடத் தேறாது. நான் "நாலு நாள் குடுங்கப்பா"ன்னு கெஞ்சி வாங்கினேன்.

துண்டுகளின் அடியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று பெயர் இருந்தது. அறிவியல் மிஸ் செல்போனில் தேடிக் காட்டினாங்க. இது இங்கிலாந்து விளையாட்டு. பிரெட் பிரான்சிஸ் என்பவர் 1957-ல் கொண்டு வந்தது. முதலில் பாதையை ரப்பரில் செய்தார்களாம். 1960-களில் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். காரின் அடியில் இருக்கும் சின்ன நாக்கு பள்ளத்துக்குள் இறங்கும். அதன் பக்கத்தில் இருக்கும் செம்புப் பின்னல்கள் இரண்டு பட்டையையும் தொடும். பட்டையில் வரும் 12 வோல்ட் மின்சாரத்தில்தான் காருக்குள் மோட்டார் சுற்றுகிறது. விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும். வளைவில் விடாமல் அழுத்தினால் கார் குப்புற விழும்!

என் தம்பி எல்லாத் துண்டையும் வைத்துக்கொள்ளணும் என்றான். அப்பா எல்லாவற்றையும் போடணும் என்றார். இரண்டுமே தப்பு என்பது என் கருத்து. பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எப்படி? முதலில் துண்டைச் சமமான தரையில் வைத்து மூலையை அழுத்திப் பார்க்கணும். ஆடினால் கோணிவிட்டது. அடுத்து, இரண்டு முனையிலும் பக்கத்துத் துண்டோடு மாட்டும் கொக்கிகள் உடையாமல் இருக்கணும். பட்டை மேலே தூக்கியிருக்கக் கூடாது. துரு மேலாகப் படிந்திருந்தால் பயமில்லை, அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் வேண்டாம். கடைசியாக, ஒரு பேட்டரி, டார்ச் பல்பு, ரெண்டு வயர் வைத்து பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் போகிறதா என்று பார்க்கணும். இப்படிப் பார்த்ததில் நேர்த்துண்டு மூன்று தேறவில்லை. அவற்றை நானே தராசில் வைத்தேன்.

மிச்சம் வளைவு 8, நேர் 6. எட்டு வளைவும் சேர்ந்தால்தான் வட்டம் முடியும். எட்டாவது வளைவில்தான் துரு அதிகம். அதை விட்டால் மற்ற பதின்மூன்றும் வீண். தம்பி உப்புத்தாள் கொண்டு வந்தான். நான் வேண்டாம் என்றேன். உப்புத்தாள் பட்டையின் மேல்பூச்சைச் சுரண்டிவிடும், பிறகு துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மூன்று நாள் தேய்த்தேன். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். பட்டை பளிச்சென்று ஆனது. விரல்தான் வீங்கிவிட்டது.

நானும் ஒரு தப்பு செய்தேன். துரு பிடிக்கக் கூடாதென்று தேங்காய் எண்ணெய் பூசினேன். மறுநாள் பார்த்தால் தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று இருந்தது. மறுபடி முதலிலிருந்து துடைத்தேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், ஓட்டும் முன் அதையும் துடைத்துவிடணும். இல்லாவிட்டால் டயர் வழுக்கும்.

பெட்டியிலிருந்த பழைய டிரான்ஸ்பார்மரின் வயர் வெடித்திருந்தது. அப்பா அதைத் தொடவே விடவில்லை. கடையில் கிடந்த 12 வோல்ட் செட்டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டிக் கொடுத்தார். கார் ஓடியது, ஆனால் பின்னால்! வயர் இரண்டையும் மாற்றி மாட்டினதும் முன்னால் போனது. தூரத்து வளைவில் மட்டும் வேகம் குறைந்தது. மூட்டுகள் தளர்வாக இருந்தால் மின்தடை கூடும் என்று பாடத்தில் படிக்கிறோமே, அதேதான். அப்பா குறடால் மூட்டுகளை லேசாக நெருக்கினார். உருவுவதற்கு எடுத்த அதே குறடு! பிறகு கார் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடியது.

"பொம்பளப் பிள்ளைக்குக் கார் விளையாட்டு எதுக்கு?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். துரு தேய்த்தபோது அவர் கேட்கவில்லை, கார் ஓடின பிறகுதான் கேட்டார். அத்தைக்கு நான் சொல்வது: மின்சாரத்துக்கு ஆம்பிளை, பொம்பளை தெரியாது.

சிலர் "பணக்காரர் வீட்டுப் பொருள் நமக்கெதற்கு" என்கிறார்கள். பணக்காரர் வீட்டில் அது பூட்டிக் கிடந்துதான் துரு பிடித்தது. யார் பராமரிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பொருள் சொந்தம் என்பது என் எண்ணம். அப்பாவைக் குறை சொல்லவில்லை. எடைக்குப் போட்டால்தான் எங்க வீட்டில் அரிசி. ஆனால் தராசு கனத்தை மட்டும்தான் சொல்லும். உபயோகத்தை நாம்தான் பார்த்துச் சொல்லணும்.

இப்போது அந்தப் பெட்டி எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. துண்டுகளைப் படுக்க வைத்து, நடுநடுவே செய்தித்தாள் வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் அனுமதித்தால் அதைப் பள்ளிக்குக் கொண்டு வருகிறேன். அப்பா சரி என்றுவிட்டார். மின்சாரப் பாடத்தை ஓட விட்டே பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒரே நிபந்தனை: ஓட்டினவர்கள் பட்டையைத் துடைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகணும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி