நோயாளியிடம் பேசியதைக் கேட்காத தேர்வு

முதுநிலை மருத்துவப் படிப்பின் செய்முறைத் தேர்வில் 'லாங் கேஸ்' என்றொரு பகுதி உண்டு. தேர்வர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளி ஒதுக்கப்படுவார். அவரிடம் நோய் வரலாற்றைக் கேட்டு, உடலைச் சோதித்து, குறிப்பெடுத்துக்கொள்ளத் தேர்வருக்கு நேரம் தரப்படும். அந்த நேரத்தில் தேர்வாளர்கள் பெரும்பாலும் அக்கட்டிலருகே இருப்பதில்லை. பிறகு வருவார்கள், தேர்வர் ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் அறிக்கையைக் கேட்பார்கள், குறுக்குக் கேள்வி தொடுப்பார்கள், மதிப்பெண் இடுவார்கள். மூன்றாண்டுப் பயிற்சியின் முடிவில் இங்கே சோதிக்கப்படுவது, ஒரு மருத்துவர் நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதே. நோயாளியிடம் அவர் எப்படிப் பேசினார் என்பது எவர் காதிலும் விழவில்லை.

இவ்விரண்டும் ஒன்றே என்ற நம்பிக்கையின் மீதுதான் இந்தியாவின் முதுநிலை மருத்துவ மதிப்பீடு நின்றுகொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறானது.

வட இந்திய மருத்துவமனைகளில் நாள்தோறும் ஒலிக்கும் சொல் 'கப்ராஹட்'. அச்சம், படபடப்பு, மூச்சு முட்டும் தவிப்பு, நெஞ்சில் இனம்புரியாத சங்கடம் ஆகிய எதையும் நோயாளிகள் அந்த ஒரே சொல்லால் குறிப்பார்கள். அதைப் 'பால்பிடேஷன்' என்று எழுதினால் சிந்தனை இதயத்தை நோக்கிப் போகும். 'ஆங்சைட்டி' என்று எழுதினால் மனநலத்தை நோக்கிப் போகும். எது சரி என்று தெளிய, நோயாளியின் மொழியிலேயே இன்னும் மூன்று நான்கு கேள்விகள் கேட்டிருக்க வேண்டும். கேட்டாரா, எப்படிக் கேட்டார், நோயாளியைப் பேசவிட்டாரா, பாதியில் வெட்டினாரா? தேர்வாளருக்கு இவை எதுவும் தெரியாது. அவருக்குக் கிடைப்பது பளபளப்பான ஓர் ஆங்கிலச் சொல். தமிழில் 'மயக்கம்' படும் பாடும் இதுவே. தலைச்சுற்றலா, நினைவிழப்பா, வெறும் சோர்வா என்று பிரித்தறிவதில்தான் மருத்துவமே தொடங்குகிறது.

மாநில அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. பீகார் மாணவர் கர்நாடகத்துக்கும், கேரள மாணவர் ராஜஸ்தானுக்கும் போகிறார்கள். இதில் குறை சொல்ல ஏதுமில்லை. இப்படியொரு கலப்பு நாட்டுக்கு நல்லதே. குறை அதன் பின்னர் நடப்பதில் இருக்கிறது. வந்து சேரும் மருத்துவர், செவிலியரிடமும் வார்டு ஊழியரிடமும் நோயாளியின் உறவினரிடமும் சொல் சொல்லாக மொழியைப் பொறுக்கிக்கொள்கிறார். பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் என்றொரு பணியிடமே கிடையாது. பயிற்சியின் ஒரு பகுதியாக அதே மருத்துவர் 3 மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பப்படும்போது, வட்டார வழக்குகளின் நடுவே தனித்து நிற்கிறார். மூன்றாண்டில் நோயாளியின் மொழியை நன்கு கற்றுத் தேர்ந்தவருக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. கடைசிவரை கற்காதவருக்கு ஒரு குறையும் இல்லை.

1965இல் நோம் சோம்ஸ்கி மொழியறிவையும் மொழிப் பயன்பாட்டையும் பிரித்துக் காட்டினார். இலக்கணம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, யாரிடம், எப்போது, எதை, எப்படிச் சொல்வது என்பதும் திறனின் பகுதியே என்று டெல் ஹைம்ஸ் அதனை மறுத்து விரித்தார். மருத்துவக் கல்வியில் 1990இல் ஜார்ஜ் மில்லர் நான்கு படிகளாக அடுக்கிய கூம்பும் இதையே வேறு வழியில் சொல்கிறது: அறிந்திருத்தல், எப்படிச் செய்வது என்று அறிந்திருத்தல், செய்து காட்டுதல், அன்றாடப் பணியில் உண்மையாகவே செய்தல். இந்தியத் தேர்வு முதல் இரு படிகளில் அமர்ந்து மூன்றாவதை எட்டிப் பார்க்கிறது. நோயாளி வாழ்வதும் சாவதும் நான்காவது படியில்.

திறன் அடிப்படையிலான பயிற்சி என்ற சொற்றொடர் இந்தியப் பாடத்திட்டங்களில் இல்லாமலில்லை. இளநிலைப் படிப்பில் 2019இல் அது நடைமுறைக்கே வந்தது. முதுநிலைத் துறைகளின் பாடத்திட்டங்களும் அப்பெயரைச் சூடிக்கொண்டிருக்கின்றன. பணிகளைப் பதிய 'லாக்புக்' உண்டு. ஆனால் அன்றன்று கையொப்பமிட வேண்டிய அந்த ஏடு, பல துறைகளில் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் ஒரே மூச்சில் நிரப்பப்பட்டு, ஒரே அமர்வில் கையொப்பம் பெறுகிறது. எத்தனை முறை செய்தார் என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். எப்படிச் செய்தார், முதல் முறைக்கும் இருபதாம் முறைக்கும் இடையே என்ன வளர்ந்தது என்பது இராது.

பிற நாடுகள் இந்தச் சிக்கலுடன் நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகின்றன. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர், தேர்வாளர் கண்முன்னே செய்து காட்டும் 'ஆஸ்கி' தேர்வை அறிமுகப்படுத்தினர். 1990களில் அமெரிக்காவில் 'மினி செக்ஸ்' வந்தது: ஆசிரியர் கால் மணி நேரம் உடனிருந்து உண்மையான சந்திப்பைக் கவனித்து, உடனேயே கருத்துச் சொல்லும் முறை. 2005இல் நெதர்லாந்தின் ஒல்லே டென் கேட் இன்னும் நேரான கேள்வியை முன்வைத்தார்: இந்தப் பணியை இவரிடம் நம்பி ஒப்படைக்கலாமா? உடனிருந்து பார்க்க வேண்டுமா, அழைத்தால் வரும் தொலைவில் இருந்தால் போதுமா, தனியே விடலாமா? அங்கெல்லாம் படிவச் சுமை பெருகிவிட்டது என்ற முறையீடும் உண்டு, அது பொய்யன்று. எனினும் படிவத்தை நீக்கினாலும் எஞ்சி நிற்கும் ஒன்று அவற்றில் இருக்கிறது: ஒருவர் அருகில் இருந்து பார்க்கிறார்.

பார்க்காமல் விடுவதன் விலையை அறிய ஒப்புதல் படிவம் ஒன்றே போதும். அறுவைக்கு முன் கையொப்பம் வாங்கும் வேலை பெரும்பாலும் துறையின் இளையவரிடமே வந்து சேர்கிறது. நோயாளி போதிய தகவலை அறிந்து, சீர்தூக்கிப் பார்த்துத் தரும் ஒப்புதலே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. உயிர் காக்கும் அவசரம் நீங்கலாக, சோதனைக்குத் தந்த ஒப்புதலைச் சிகிச்சைக்கு நீட்டிக்கலாகாது என்றும் கூறியது. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டி, அரைகுறை மொழியில் "இங்கே போடுங்கள்" என்று விரலால் காட்டும் செயல் இந்தத் தீர்ப்பின் முன் எங்கே நிற்கும்? அச்செயலை மூன்றாண்டில் ஒருமுறையேனும் எந்த ஆசிரியராவது கவனித்து மதிப்பிட்டதுண்டா?

மறுப்புகள் தெரிந்தவைதாம். முதல் மறுப்பு நேரமின்மை. புறநோயாளிப் பிரிவின் நெரிசலை அறிந்த எவரும் அதை ஏளனம் செய்ய மாட்டார்கள். ஆனால் ஒரு பயிற்சியாளருக்கு மாதம் ஒருமுறை கால் மணி நேரம் என்றால், மூன்றாண்டில் மொத்தமே 9 மணி நேரம். அந்த 9 மணி நேரத்தையும் ஒதுக்க முடியாத துறை, தான் பயிற்சி அளிப்பதாகச் சொல்லிக்கொள்வது எங்ஙனம்?

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஆய்வேட்டுக்கும் விடுப்புக்கும் லாக்புக்குக்கும் கையொப்பமிடும் அதே வழிகாட்டியிடம் அன்றாட மதிப்பீட்டையும் ஒப்படைத்தால், அது இன்னொரு சாட்டையாகிவிடும் என்பது. படிநிலை இறுகிய துறைகளில் இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. வெளித் தேர்வாளர் நடத்தும் இறுதித் தேர்வுதான் பயிற்சியாளருக்குப் பாதுகாப்பு என்ற வாதம் இங்கிருந்தே பிறக்கிறது. எனினும் ஒருவரின் கண்ணை நம்ப முடியாதென்றால் பல கண்களை நாடுவதே வழி. வெவ்வேறு ஆசிரியர்கள், மூத்த செவிலியர், நோயாளி ஆகியோர் சிறிது சிறிதாகப் பலமுறை சொல்வது, ஒருநாள் தேர்வின் அதிர்ஷ்டத்தைக் காட்டிலும் நம்பகமானது. வழிகாட்டியின் கையில் அது இருத்தலும் கூடாது.

தேசிய மருத்துவ ஆணையம் புதிய கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. லாங் கேஸின் முதல் நிமிடத்திலிருந்தே ஒரு தேர்வாளர் கட்டிலருகே அமரட்டும். நோயாளியின் மொழியில் நடக்கும் உரையாடலுக்குத் தனி மதிப்பெண் இருக்கட்டும். அம்மொழியைக் கற்பிக்கும் பொறுப்பை முதலாண்டிலேயே கல்லூரி ஏற்கட்டும். கற்பிக்காமல் சோதிப்பது பயிற்சியாளருக்கு இழைக்கும் அநீதி. லாக்புக்கில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், இப்பணியை இவரிடம் தனியே ஒப்படைக்கலாமா என்ற ஒற்றைக் கேள்விக்கு, நேரில் பார்த்தவர் பார்த்த நாளிலேயே விடை எழுதட்டும்.