கந்தல் பிரிக்கும் கைகள்

திருப்புறம் உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் நெடுங்காலம் பழந்துணி குப்பையாக இருந்ததில்லை. பக்கத்துப் பாலராமபுரத்துத் தறியில் நெய்த பருத்தி வேட்டி நைந்தால் பிள்ளைத்துணியாகும். பிறகு அடுக்களைத் துணி. கடைசியில் விளக்குத் திரி. இன்று வீடுகளில் குவிவது பாலியஸ்டர் கலந்த ஆயத்த ஆடை. அது நீரை உறிஞ்சாது, திரியிட்டால் உருகும், புதைத்தால் மக்காது. ஆகவே, துணியை மறுபடி பயன்படுத்துங்கள் என்று குடும்பங்களுக்கு மட்டும் அறிவுரை கூறுவது போதாது. துணியின் மறுவாழ்வு பெருமளவு நூலைத் தேர்ந்தெடுக்கும் ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது.

கேரளத்தில் மக்காத கழிவை வீடுதோறும் சென்று திரட்டுவது ஹரித கர்ம சேனை. அதில் பெரும்பாலோர் குடும்பஸ்ரீ பெண்கள். ஊராட்சிகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என வசூலாகும் கட்டணமே அவர்களது வருவாய்க்கு அடிப்படை. பழந்துணிக்கென ஆண்டு அட்டவணையில் தனி மாதம் ஒதுக்கப்படுகிறது. அம்மாதத்தில் மூட்டையின் எடை கூடும், கட்டணம் கூடாது. அந்த ஐம்பது ரூபாய்க்கே முகம் சுளிக்கும் வீடுகளில் நம் ஆதரவாளர் வீடுகளும் இல்லாமல் இல்லை.

கந்தல் பிரிக்கும் வேலையை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியிலேயே கவனித்திருக்கிறார். உலகின் பல பகுதிகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த கந்தலைப் பெண்களும் சிறுமியருமே பிரித்தனர். அதன் வழியே பரவிய பெரியம்மைக்கு முதற்பலியானோரும் அவர்களே. இன்று மூட்டைகளின் திசை மாறியிருக்கிறது. மேலைநாடுகள் கழித்த ஆடைகளைக் குஜராத்தின் காண்ட்லாவில் பெண் தொழிலாளர்கள் பிரிக்கின்றனர். ஹரியானாவின் பானிபட்டில் அவை நாராகக் கிழிபட்டுப் போர்வையாகின்றன. அந்த ஆலைகளில் பஞ்சுத்தூசியைச் சுவாசிப்போர் பெரும்பாலும் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள்.

பிளாஸ்டிக் உறைக்கும் மின்னணுக் கழிவுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்பது இந்தியாவில் விதியாகியுள்ளது. ஆடைக்கு அப்படி இல்லை. ஆடை நிறுவனங்களிடம் அந்தச் செலவை வசூலித்து, சேனைப் பெண்களின் நிலையான மாத ஊதியத்துக்கும் கையுறை, முகக்கவசம், காப்பீட்டுக்கும் வழங்கக் கோருவது நம் இயக்கத்தின் வேலை. ஊராட்சி அளவில் உடனே செய்யக்கூடியதும் உண்டு: உடுக்கத்தக்க துணிகளைத் தனியே எடுத்து, எஞ்சிய பருத்தியைத் தையல் அறிந்த குடும்பஸ்ரீ குழுக்களிடம் ஒப்படைக்கலாம். பிரிக்கும் நேரத்துக்கான கூலி, தைத்து விற்கும் பையின் விலையில் சேர வேண்டும். சேவை என்ற பெயரில் முதலில் விடுபடுவது அந்தக் கூலிதான்.