வண்டி பறந்துடுச்சு... செயின் போனவங்க?

பைக் கும்பல் கதைன்னாலே ஒரு ஃபார்முலா இருக்கு. தோல் ஜாக்கெட், தாடி, சைலன்சர் சத்தம், 'நாங்கெல்லாம் ஒரே குடும்பம்'னு ஒரு டயலாக். பார்க்கிறவனுக்கு உடனே ஒரு வண்டி வாங்கணும்னு தோணும். அவங்க செய்யற தொழில் யார் தலையில விடியுதுன்னு மட்டும் கதை கேக்காது.

அதைக் கேட்ட ஒரு எபிசோட் உண்டு. அமெரிக்காவில் எஃப்எக்ஸ் சேனலில் 2008 முதல் 2014 வரை ஏழு சீசன் ஓடியது 'சன்ஸ் ஆஃப் அனார்க்கி'. முன்னால மெக்கானிக் ஷெட், பின்னால துப்பாக்கி வியாபாரம், இப்படி ஒரு பைக் கிளப்பின் கதை. ஆறாவது சீசனின் முதல் எபிசோட் 'ஸ்ட்ரா', 2013 செப்டம்பர் 10-ல் வந்தது. ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பையன் நடுநடுவே வந்து போவான். யாருன்னே புரியாது. கடைசியில் ஸ்கூலுக்குள் போய் துப்பாக்கியை எடுப்பான். அது ஹீரோ ஜாக்ஸின் கிளப் விற்ற சரக்கு. கை மாறி கை மாறி அவன் வீட்டுக்கு வந்தது.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் உள்பட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு ஒன்பது மாசம்கூட முழுசா ஆகாத நேரம். இதை டிவியில் காட்டலாமான்னு கண்டனம் கிளம்பியது. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனாலும் ஐந்து சீசனா ஜாக்ஸை ரசித்தவங்களிடம், 'நீங்க கைதட்டின தொழில் இதுதான்'னு நேருக்கு நேரா சொன்ன எபிசோட் அது. குறையும் உண்டு. அடுத்தடுத்த வாரங்களில் துப்பாக்கி விவகாரம் நம்ம மேல வந்துடுமோங்கறதுதான் கிளப்பின் கவலை. செத்த பிள்ளைகள் மெதுவா பின்னால போயிடுறாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2022 பிப்ரவரி 24-ல் எச்.வினோத் இயக்கி அஜித் நடித்த 'வலிமை' வந்தது. செயின் பறிப்பு, போதைப்பொருள், கொலை எல்லாம் செய்யும் பைக் கும்பல்தான் வில்லன். ஒரு விஷயத்தில் படத்தைப் பாராட்டணும். போலீஸ் ஹீரோவின் தம்பியே வேலை கிடைக்காமல் அந்தக் கும்பலில் சேருகிறான். திருடன் வானத்திலிருந்து குதிக்கலை, நம்ம வீட்டிலிருந்தும் வருவான்னு சொல்ல ஒரு தைரியம் வேணும். ஆனால் தம்பிக்குக் கதை இருக்கு, அண்ணனுக்குக் கதை இருக்கு, அம்மாவுக்குக் கண்ணீர் இருக்கு. செயினைப் பறிகொடுத்த பெண்ணுக்கு? சில நொடிகள், ஒரு அலறல், அவ்வளவுதான். வண்டி பறந்துடும், கேமராவும் அது பின்னாடியே போயிடும்.

அந்தப் பெண்ணை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் யோசிச்சுப் பாருங்க. எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிஞ்சு, ஸ்டேஷனிலிருந்து இருட்டான தெருவில் நடந்து போறவங்க. கழுத்தில் இருப்பது நகை மட்டுமா? ஸ்கூல் ஃபீஸ் கட்ட அடகுக்கடைக்குப் போய், வட்டி கட்டி, மீட்டு வந்த சேமிப்பு அது. அது போன பிறகு தங்கம் மட்டும் போகலை. பின்னால ஒரு பைக் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும். 'இனி லேட் ஷிஃப்ட் வேணாம்'னு வீட்டில் சொல்லுவாங்க. சம்பளமும் குறையும். இதைக் காட்ட நூறு பைக்கும் ஸ்டன்ட் மாஸ்டரும் தேவையே இல்லை.

சட்டமே இதைத் தனியா கவனிக்க லேட் ஆச்சு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பறிப்புக்குன்னு தனிப் பிரிவு கிடையாது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவுதான் அதைத் தனிக் குற்றமாக்கி, மூன்று வருஷம் வரை சிறை என்றது. சினிமாவும் சீரிஸும் இன்னும் அந்த இடத்துக்கே வரலை.

அடுத்து தமிழில் யாராவது பைக் கும்பல் பற்றி வெப் சீரிஸ் எடுத்தால் ஒரு வேண்டுகோள். முதல் எபிசோடை பறிகொடுத்தவங்க வீட்டில் ஆரம்பிங்க, கடைசி எபிசோட் வரைக்கும் அவங்களை மறக்காதீங்க. சேஸிங் எல்லாம் ரெண்டாவது எபிசோடில் வரட்டுமே. என்ன சொல்றீங்க?