ஏறியவரும் ஏற்றியவரும்

எவரெஸ்ட் என்றதும் 1953 மே 29 நம் நினைவுக்கு வருகிறது. ஹிலாரியும் டென்சிங்கும் சிகரத்தில் கால் பதித்த நாள் அது. ஆனால் டென்சிங்கின் பெருமை அன்றோடு முடிந்துவிடவில்லை என்பதே என் கருத்து.

1935-இல் மலையேறும் குழுவினருக்குச் சுமை தூக்கும் கூலியாளாகப் புறப்பட்டவர் அவர். 7-ஆவது முயற்சியில்தான் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். 1954-இல் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் களப்பயிற்சி இயக்குநரானார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், தாம் பாடுபட்டுக் கற்றதையெல்லாம் இளைஞர்களுக்குச் சொல்லித்தரும் ஆசானானார்!

நம் ஆரணியிலும் அப்படித்தானே? தறியில் அமர்ந்த பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தொழிலைக் கற்றுத்தந்ததால் அன்றோ ஆரணிப் பட்டு வாழ்கிறது!

வகுப்பில் நாமோ தேர்வு நெருங்கினால் கணக்கு நோட்டை மறைக்கிறோம். நானும் மறைத்ததுண்டு. தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

தோழியரே, முதலிடத்திற்கு முயல்வோம்; அது தவறன்று. ஆனால் பின்தங்கிய ஒருத்தியின் கையையும் பற்றிக்கொண்டு ஏறுவோம். பிறரையும் ஏற்றிவிடுபவரே உண்மையில் உயர்ந்தவர்.