இயந்திரம் தானாக வெட்டும். தீயைத் தானாக அணைக்காது

நமது கிராமங்களில் சுயதொழில் என்றால் முன்பு தையல் இயந்திரம், கோழிக்கூடு, ஓலைப் பின்னல் என்றிருந்தது. இன்று அந்த வரிசையில் லேசர் வெட்டும் இயந்திரமும் சேர்ந்து வருகிறது. சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதிருக்கும் குடும்பத்துக்கு இதுவும் ஒரு வருமான வழிதான். 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் பெயர்ப்பலகை, சாவிக்கோர்வை, பரிசுக் கேடயம், கலியாண வீட்டு அலங்காரம் எனப் பலவும் வெட்டலாம். இதை நாம் வரவேற்க வேண்டும். ஆனால் இதனோடு சேர்ந்து வரும் ஒரு பேச்சை ஏற்க முடியாது. “சுவிச்சைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், அது தானாக வெட்டும்” என்பதே அந்தப் பேச்சு.

வாள் மரத்தை அறுக்கிறது. லேசர் மரத்தை எரித்து வெட்டுகிறது. ஒளிக்கதிர் ஒரு சிறு புள்ளியில் குவிந்து, அந்த இடத்து மரத்தைப் புகையாகவும் கரியாகவும் மாற்றிவிடுகிறது. அந்தப் புகையும் எரியக்கூடியதே. ஆகவே ஒவ்வொரு வெட்டும் அடக்கி வைத்த ஒரு சிறு நெருப்பு என்றே கொள்ள வேண்டும். கதிர் நகர்ந்துகொண்டிருக்கும்வரை அது அடங்கி நிற்கும். பட்டி வழுக்கியோ, வளைந்த பலகையில் முனை தட்டுப்பட்டோ கதிர் ஓரிடத்தில் நின்றுவிட்டால் சில விநாடிகளில் சுவாலை எழும்பும். வேகம் மிகக் குறைவாக இருந்தாலும், கோடுகள் நெருக்கமாக இருந்தாலும், ஒரே கோட்டில் பலமுறை ஓடவிட்டாலும் சூடு சேர்ந்து தீப்பற்றும். தட்டின் அடியில் விழுந்து கிடக்கும் துண்டுகளும் தூளும் அதற்கு விறகாகின்றன.

நெருப்போடு எப்படி நடக்கவேண்டும் என்பதை விவசாயிக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பற்றைக் காட்டை வெட்டி எரிப்பவர் முதலில் ஓரத்தைச் செருக்கித் துப்பரவாக்குவார், காற்றுப் பார்ப்பார், தணல் ஆறும்வரை அவ்விடத்தை விட்டுப் போகமாட்டார். நெல் அவிக்கும் அடுப்புக்கும் ஓர் ஆள் உண்டு. அந்தப் புத்தியைப் புதிய இயந்திரத்தின் முன்னால் கைவிடுவானேன்? கணினியில் இயங்குகிறது என்பதால் நெருப்பு நெருப்பல்லாமல் போய்விடாது.

“ஒரு வெட்டுக்கு இரண்டு மணித்தியாலம் பிடிக்கிறது. பிள்ளைக்கு யார் சோறு கொடுப்பது, தண்ணீருக்கு யார் போவது?” என்று தனித்துக் குடும்பம் நடத்தும் தாய்மார் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை, பெரிய வேலையைச் சிறு சிறு வெட்டுகளாகப் பிரித்து ஓடவிடுவது. இடையில் எழும்பவேண்டி வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழும்புவது. பக்கத்திலிருந்தபடியே வெட்டிய துண்டுகளைத் தேய்க்கலாம், ஒட்டலாம், பொதி செய்யலாம். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. காவலிருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டு விலையில் சேர்க்க வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கில் விடாமல் மலிவாக விற்பவர் தம் கூரையைப் பணயம் வைத்தே விற்கிறார்.

கடனாகவோ உதவியாகவோ இயந்திரம் வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதோடு பொறுப்பு முடிவதில்லை. புகை போக்கும் விசிறி, வெட்டும் முனைக்குக் காற்று ஊதும் பம்பு, காபனீரொட்சைட்டுத் தீயணைப்புக் கருவி என்பவற்றின் செலவும் முதல் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். கிடுகுக் கொட்டிலுக்குள் இந்த இயந்திரத்தை வைக்கச் சம்மதிக்கவே கூடாது. தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள ஒரு பொது அறையில் பல குடும்பங்கள் பாவிக்கும்படி ஒழுங்கு செய்யலாம். தீயணைப்பு வண்டிகள் பட்டினங்களில் நிற்கின்றன. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி வரும், தீயை அணைக்க அது உதவாது. தூரக் கிராமத்தில் முதல் இரண்டு நிமிடமும் நம் கையில்தான்.

இயந்திரம் வைத்திருப்போர் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

வெட்டத் தொடங்குமுன் அடித்தட்டைக் கூட்டித் துப்பரவாக்குங்கள். பலகை வளைந்திருந்தால் பாரம் வைத்துத் தட்டையாக்குங்கள். காற்றுப் பம்பு வேலைசெய்கிறதா என்று பாருங்கள். அது புகையை விலக்கிச் சுவாலையையும் தணிக்கும்.

திறந்த இயந்திரமானால் அந்தக் கதிருக்குரிய கண்ணாடியை அணியுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

றெக்சின், பீ.வீ.சீ. போன்றவற்றை வெட்டவே வேண்டாம். அவற்றின் புகை நெஞ்சைப் பாதிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

தீப்பிடித்தால் முதலில் இயந்திரத்தை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டியுங்கள். கண்ணாடிக் குழாய் உள்ள இயந்திரத்தில் பல ஆயிரம் வோல்ற்று அழுத்தம் இருப்பதால் அதன்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. பலகையில் மட்டும் சிறு சுவாலை என்றால் பிழிந்த ஈரச் சாக்கால் மூடலாம். பெரிதானால் காபனீரொட்சைட்டுக் கருவியைப் பாவியுங்கள். தூள் கருவியும் தீயை அணைக்கும், ஆனால் வில்லைகளைப் பழுதாக்கிவிடும். கூரைக்குத் தாவினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே கதவைப் பூட்டாதீர்கள். கரி விளிம்பில் தணல் ஒளிந்திருக்கும். அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். கழிவுத் துண்டுகளைச் சாக்கில் கட்டாமல் தண்ணீர் உள்ள தகர வாளியில் போடுங்கள்.

வீடு வாசலை ஒருமுறை இழந்தவர்கள் கடன்பட்டு இயந்திரம் வாங்குகிறார்கள். அந்தக் கடனும் கூரையும் ஒரே இரவில் சாம்பலாகாமல் காப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. இயந்திரம் ஓடும்வரை பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும்.